அவுரி மேல் போட்ட பழி

தளவானூர்ப் பக்கம் எந்த உழவர் கூட்டத்திலும் பசுந்தாள் உரம் என்று நான் வாயைத் திறந்தால் போதும், யாராவது எழுந்துவிடுவார். "அவுரி வெள்ளைக்காரன் கொண்டுவந்த பயிராச்சே சார். போட்ட மண்ணு செத்துப்போயிடும்." கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததாக வேறு சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது பீகார் சம்பாரண் கதையை. அதைச் செஞ்சி வட்டாரத்து மண்ணில் கொண்டுவந்து ஊன்றியது நாம்தான்.

முதலில் அந்த "வெள்ளைக்காரன் பயிர்" பேச்சை முடித்துவிடுவோம். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி, இந்தியாவிலிருந்து வரும் அவுரி நீலச் சாயத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர்க் கரையில் கோட்டை வாங்கியது 1690இல். சாயத்துணி வாங்க வந்தவர்களிடமா நாம் சாயச்செடியைக் கற்றுக்கொண்டிருப்போம்? அவுரியை அந்நியம் என்று ஒதுக்குகிறவர் வயலில் மல்லாட்டை நிற்கிறது, வரப்போரம் மிளகாய் நிற்கிறது. இரண்டுக்கும் பிறந்த ஊர் அமெரிக்கக் கண்டம். தென்னார்க்காட்டில் மல்லாட்டை பெரிதாகப் பரவியதே 19ஆம் நூற்றாண்டில்தான். அதை யாரும் வெள்ளைக்காரன் பயிர் என்பதில்லை.

இனி மண். அவுரி பயறு வகைக் குடும்பத்துச் செடி. விதைத்து ஒன்றரை மாதம் ஆன செடியைப் பக்குவமாக மண்ணோடு தோண்டி எடுத்து வேரை அலசிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்த நிறம் தெரிந்தால், காற்றிலுள்ள தழைச்சத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியையும் தாங்கும். மூன்று மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு மறுதாம்பு. அறுத்த தழையைத் தொட்டியில் ஓரிரவு ஊறப்போட்டு, நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் இறங்கிக் காலால் உதைத்து அலம்புவார்கள். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த நீர் நுரைத்து நுரைத்து நீலமாகும். அடியில் படிந்த வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, கட்டியாக்கி, நிழலில் உலர்த்தினால் சாயம். தொட்டியில் மிஞ்சுகிற சக்கை நேராக நெல் வயலுக்குப் போகும். எருவில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. இப்படிப்பட்ட செடியா மண்ணைக் கொல்லும்?

பிறகு ஏன் இந்தப் பழி? செடியின் பாவம் அல்ல, அதைப் பயிரிடவைத்த ஏற்பாட்டின் பாவம். இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலேயரின் முதல் தோட்டக் குடியேற்றங்களைப் பார்க்க வேண்டும். பார்படோஸ் தீவின் பரப்பு கிட்டத்தட்ட இன்றைய சென்னை மாநகராட்சி அளவு. 1627இல் அங்கே குடியேறியவர்கள் முதலில் புகையிலை போட்டார்கள். 1640களில் கரும்புக்கு மாறினார்கள். சில பத்தாண்டுகளில் தீவின் காடு கிட்டத்தட்ட முழுக்கப் போய்விட்டது. மழைக்கு மேல்மண் கரைந்து ஓடியது. கரும்பு வெட்டுவதற்கு முதலில் ஒப்பந்தத்தில் வந்த ஏழை வெள்ளையர்கள், பின்பு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள். வர்ஜீனியாவில் கதை வேறு மாதிரி. ஆள் கொண்டுவந்து சேர்த்தால் தலைக்கு 50 ஏக்கர் கிடைத்தது. நிலம் மலிவு என்றால் அதற்கு எரு போடுவார் யார்? மூன்று நான்கு வருடம் புகையிலை போட்டுச் சக்கையாக்கிவிட்டு அடுத்த துண்டுக்கு நகர்ந்தார்கள்.

இந்தக் குடியேற்றங்களில் அவுரி பெரிதாக வளர்ந்தது தென் கரோலினாவில். பார்படோஸில் இடம் போதாமல் கிளம்பியவர்கள் பலர் 1670 முதல் அங்கே குடியேறியிருந்தார்கள். ஆன்டிகுவா தீவிலிருந்து வந்த எலைசா லூகாஸ் என்ற இளம்பெண் 1740களில் தன் தந்தையின் தோட்டத்தில் அவுரியைத் தேற்றிக் காட்டினாள். தொட்டியில் நின்று நாற்றத்திலும் ஈ மொய்ப்பிலும் அந்தச் சாயத்தை எடுத்தவர்கள் அடிமைகள். அவர்கள் கைப்பக்குவத்தைப் பற்றி ஊர் பேசுவதில்லை. 1748இல் பிரிட்டிஷ் அரசு மானியமும் கொடுத்தது. சதுப்பில் நெல், மேட்டில் அவுரி: நம் நஞ்சை புஞ்சைக் கணக்கேதான். 1775இல் ஏற்றுமதி பத்து லட்சம் பவுண்டு எடையைத் தாண்டியது. அமெரிக்கா சுதந்திரமானதும் மானியம் போயிற்று. கரோலினா பருத்திக்கு மாற, கம்பெனி வங்காளத்துக்குத் திரும்பியது. அங்கே முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டு அவுரி போடவைத்தார்கள்; பீகாரில் இருபதுக்கு மூன்று பங்கு நிலத்தில் அவுரி போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். 1859இல் வங்காளக் குடியானவர்கள் கிளர்ந்ததும், 1917இல் காந்தி சம்பாரண் போனதும் அந்தக் கட்டாயத்தை எதிர்த்து. விலை அநியாயம், குத்தகை அநியாயம், அடி உதை அநியாயம். வேர் முடிச்சின் மேல் யாரும் பிராது கொடுக்கவில்லை.

வெள்ளைக்காரனைப் பற்றி ஊரில் உலவும் மற்றக் கட்டுக்கதைகள் சில்லறை. செஞ்சிக் கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த தூரம்வரை கடலூர் விற்கப்பட்டது என்பார்கள். விற்ற மராட்டிய மன்னர் ராஜாராம் அப்போது செஞ்சியில் இருந்தது உண்மை. குண்டு போட்டது கடற்கரைத் தேவனாம்பட்டினத்திலிருந்து. செஞ்சியில் சுட்டால் கடலூரில் விழுமா? கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

அடிமை வியாபாரம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்பது இன்னொன்று. சோழமண்டலக் கரையின் துணி லண்டன் போய், 1672இல் தொடங்கிய ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் கப்பலில் ஏறி, மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. அந்த மனிதர்கள் இறக்கப்பட்டது பார்படோஸ் போன்ற தீவுகளில். நெய்தவருக்கும் சாயம் தோய்த்தவருக்கும் இது தெரிந்திருக்காது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் போனதால் அவுரி போயிற்று என்பதும் தப்பு. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், அவன் இருக்கும்போதே விலை விழுந்தது. அப்படியும் திண்டிவனம் பக்கம் இன்றும் தொட்டி கட்டிச் சாயம் எடுக்கிறார்கள்.

மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து எடுத்த சத்ருமல்லேஸ்வராலயத்தைப் பார்க்கத் தளவானூருக்கு எங்கிருந்தோ வருகிறார்கள். வருகிற வழியில் இருபுறமும் அறுப்பு முடிந்து சும்மா வெடித்துக் கிடக்கிற வயல்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சம்பா அறுத்த ஈரத்திலேயே அவுரியோ கொழிஞ்சியோ தெளித்துவிடுங்கள். கோடையில் அது பாட்டுக்கு நிற்கும். கொழிஞ்சியை மாடும் கடிக்காது. அடுத்த நடவுக்கு முன்னால், பூக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். யூரியா மூட்டைக்குக் கியூவில் நிற்பது குறையும். "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில் தக்கைப்பூண்டு விதைக்கு மானியம் கொடுக்கிறது அரசு. நல்ல காரியம். மானாவாரி மேட்டுக்கு அவுரி விதையையும் அதே மானியத்தில் சேர்க்கச் சொல்லி, அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு எழுதிக் கொடுங்கள்.