சிறையிலிருந்து வந்த முதல் மாதம்

வேலைதான் முதலில் என்பார்கள். என்னைக் கேட்டால் காகிதம்தான் முதலில்.

செய்ய வேண்டியவை

• விடுதலைச் சான்று, உள்ளே போகும்போது ஒப்படைத்த பொருள்கள், சேர்ந்திருக்கும் கூலி எல்லாவற்றையும் வாசலிலேயே கேட்டு வாங்குங்கள்.

• வேறு வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வழக்கில் தண்டனை முடிந்ததும் எல்லாம் தீர்ந்ததென்று நம்பி வாய்தாவுக்குப் போகாமல், பிடிவாரண்டில் மறுபடி உள்ளே போகிறவர்கள் உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். புரியவில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். தொலைபேசி எண் 15100. தகுதியுள்ளவர்களுக்கு வக்கீல் செலவு இல்லை.

• முன்விடுதலை என்றால் நிபந்தனைத் தாளை யாரையாவது வாசிக்கச் சொல்லி முழுதும் கேளுங்கள். மீறினால் அரசு அதை ரத்து செய்யலாம். மீதிக் காலமும் உள்ளேதான்.

• ரேஷன் அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா பாருங்கள். உள்ளே இருந்தவரை ஓட்டு இல்லை, இப்போது உண்டு. (எம்.எல்.ஏ. ஆசை இருந்தால்தான் சிக்கல்: 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விடுதலைக்குப் பின் 6 ஆண்டு நிற்க முடியாது.)

செய்யக்கூடாதவை

• விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். மறைத்ததையே காரணமாக்கி வேலையை விட்டு நீக்க முடியும் என்பது 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்காத இடத்தில் நீங்களாகச் சொல்லிக்கொண்டு திரியவும் வேண்டாம்.

• துபாய், சவூதி என்று ஆசை காட்டும் ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள். ஒழுக்கக்கேடான குற்றத்தில் குறைந்தது 2 ஆண்டு தண்டனை பெற்றிருந்தால், தீர்ப்பு வந்து 5 ஆண்டு ஆகும்வரை பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு.

• உள்ளே பழகியவருக்கு உங்கள் பெயரில் சிம் கார்டு எடுத்துத் தராதீர்கள். வண்டியும் இரவல் கொடுக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும்.

• ஸ்டேஷனில் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய பேச்சில் ‘110’ என்கிற நன்னடத்தைப் பாண்ட் இப்போது புதிய சட்டத்தில் 129-ஆம் பிரிவு. எழுதச் சொல்லும் முன் நோட்டீஸ் வரவேண்டும். பதில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

• கடன் வாங்கி விருந்து வைக்காதீர்கள்.

வீட்டாருக்கு

‘உள்ளே என்ன நடந்தது’ என்று கிளறாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தால், வந்தவரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு கதை சொன்னால் பிள்ளை இருவரையும் நம்பாது. அது கேட்கிற வயதுக்கு வந்துவிட்டால் அப்பாவே உண்மையைச் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொள்வதற்குள்.