துருப்பிடிக்காத கம்பி

பழைய அடுக்குமாடி வீடுகளின் சமையலறையிலோ குளியலறையிலோ மேற்கூரையை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? சில வீடுகளில் சாயம் உப்பியிருக்கும். சில வீடுகளில் காரை பெயர்ந்து விழுந்து, உள்ளே இருக்கும் கம்பி செந்நிறமாகத் தெரியும். ஈரம்தான் காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில், காரையைத் தள்ளிவிட்டது அந்தக் கம்பியேதான்.

கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுத்தால் விரிசல் விடும். ஆகவே, அதனுள் எஃகுக் கம்பிகளை வைத்துக் கட்டுகிறார்கள். புதிய கான்கிரீட்டில் காரத்தன்மை மிகுதி. அது கம்பியின்மீது மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, காற்றிலுள்ள கரியமில வாயு உட்புகுந்து காரத்தன்மையைக் குறைக்கிறது. கடலோரக் கட்டடமாக இருந்தால் உப்பும் புகுந்து படலத்தைச் சிதைக்கிறது. பிறகு, கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே அதற்கு இடமேது? கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது.

வெளியே எதுவும் தெரியாவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலத்தைத் தாங்கிய எஃகு வடங்கள் கான்கிரீட்டால் மூடப்பட்டிருந்தன. காப்பதற்காகப் போட்ட போர்வையே உள்ளே நடந்த அரிப்பை மறைத்தது. கடற்காற்றால் ஏற்படும் அரிப்பைப் பற்றி, அதை வடிவமைத்த ரிக்கார்டோ மொராண்டியே 1979இல் எச்சரித்திருந்தார். 2018 ஆகஸ்டு 14ஆம் நாள் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 43 பேர் உயிரிழந்தனர்.

துருப்பிடிக்கவே முடியாத கம்பி இருந்தால்? கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து, இழுத்து, சூட்டில் இறுகச் செய்து அத்தகைய கம்பியைத் தயாரிக்கிறார்கள். எடை எஃகில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். இழுவலிமையோ சாதாரணக் கட்டுமான எஃகைவிட அதிகம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், உப்புக் கலந்த ஹால்ஸ் ஆற்றின்மீது கட்டிய பாலத்தில் இதைப் பயன்படுத்தினார்கள். காந்தம் இதை ஈர்க்காது என்பதால், எம்ஆர்ஐ கருவி வைக்கும் மருத்துவமனை அறைகளுக்கும் இது பொருந்துகிறது.

அப்படியானால், எஃகை ஏன் இன்னும் கைவிடவில்லை? இறுகிய பிசினைக் கட்டுமானத் தளத்தில் வளைக்க இயலாது. வளைவுகளைத் தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவர வேண்டும். கடும் வெப்பத்தில் பிசின் இளகும் என்பதால் தீ விபத்து ஒரு கவலை. எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. பாரம் மிகுந்தால் எஃகு முதலில் நீளும். உத்தரம் தொய்ந்து, விரிசல் விட்டு, உள்ளே இருப்பவர்களை எச்சரிக்கும். இழைக் கம்பி நீண்டு கொடுக்காது; எல்லை மீறினால் சட்டென்று அறுந்துவிடும். எனவே, பொறியாளர்கள் தேவைக்கு மேல் கம்பிகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள்; பாலத் தளம், கடற்சுவர், படகுத்துறை போன்ற உப்பு மிகுந்த இடங்களுக்கே இதைப் பெரிதும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் பழைய வீடுகளின் கூரையில் இருப்பது எஃகுதான். காரை பெயர்ந்தால் துருவைச் சுரண்டி, கம்பிக்குக் காப்புப் பூச்சுப் பூசி, மீண்டும் காரையிட்டு மூடுகிறார்கள்.