காசநோய் இரத்தத்தில் ஓடுவதில்லை

ஹந்தானைத் தோட்டத்து லயங்களிலும் கண்டி நகரத்து வீடுகளிலும் காசநோயைப் பற்றி இன்னும் உலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: காசம் பரம்பரை வருத்தம், அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் கூடாது.
உண்மை: காசத்தை உண்டாக்குவது ஒரு கிருமி. 1882இல் ரொபர்ட் கொக் அதைக் கண்டறிந்தார். இருமும்போது காற்றில் பரவுகிறது. ஒரே வீட்டில் பலருக்கு வருவதற்கு முக்கிய காரணம், காற்றோட்டமில்லாத ஒற்றைக் காம்பராவில் எல்லோரும் படுத்துறங்குவதுதான். சிகிச்சை பெற்றுக் குணமானவரை ஒதுக்குவது அநியாயம்.

நம்பிக்கை: அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லை.
உண்மை: பங்கு உண்டு. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்குக் காசம் வந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு, சாதாரண இரட்டையரைவிட அதிகம். ஆனால் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் வாழ்நாளில் நோயாளியாவதே இல்லை.

நம்பிக்கை: சீனி வியாதி மரபணுவையே மாற்றிக் காசத்தைக் கொண்டுவரும்.
உண்மை: மரபணுவில் எழுதப்பட்டிருப்பதைச் சீனி மாற்றுவதில்லை, அது வேலை செய்யும் விதத்தைத்தான் குழப்புகிறது. இரத்தத்தில் சீனி கூடியே இருந்தால், நுரையீரலில் கிருமியை விழுங்கும் அணுக்கள் தளர்கின்றன. மற்ற எதிர்ப்பு அணுக்களும் தாமதித்தே வந்து சேர்கின்றன. அதனால் காசம் வரும் அபாயம் இரண்டு, மூன்று மடங்காகிறது. தமிழ்நாட்டில் காசநோயாளர்களிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், நால்வரில் ஒருவருக்குச் சீனி வியாதி இருந்தது. பெற்றோர் தந்த மரபணுவை நாம் மாற்ற முடியாது; சீனியைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

நம்பிக்கை: காசத்துக்கு மருந்து எடுக்கும்போது சீனி மருந்தை நிறுத்திவிடலாம்.
உண்மை: நிறுத்தவே கூடாது. காச மருந்தான ரிஃபாம்பிசின், கிளிக்லசைட் போன்ற சீனி மாத்திரைகளை ஈரலில் வேகமாகச் சிதைக்கிறது. அதனால் சீனி ஏறலாம். மாத்திரையின் அளவை வைத்தியர் மாற்றியமைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் காசம் மீண்டும் வரும் அபாயமும் மரண அபாயமும் கூடும்.

சீனி வியாதி உள்ளவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதியுங்கள். காசம் உள்ளவர்கள் சீனியைப் பரிசோதியுங்கள். அரசாங்க மார்பு நோய் கிளினிக்குகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இடையில் விடாமல் முடியுங்கள். சம்பந்தம் பேசும்போது குடும்ப வரலாற்றைத் துருவ வேண்டாம். வீட்டில் இருமுபவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.