தாத்தாவின் துப்பாக்கி என்ன விலை போகும்?

கேள்வி: தாத்தா காலத்து பி.எஸ்.ஏ. ரைஃபிள் ஒன்று, 315 போர், வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது; அவர் காலமாகிவிட்டார். ‘இங்கிலீஷ் துப்பாக்கி, ஆன்டிக் பீஸ், லட்சக்கணக்கில் போகும்’ என்கிறார் சித்தப்பா. உண்மையா?
– வாசகர், செந்துறை

பதில்: சித்தப்பா விலைக்குப் போய்விட்டார், உங்களுக்கு விற்கும் உரிமையே இன்னும் வரவில்லை. லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். இறப்புச் சான்று, பழைய லைசென்ஸ் இரண்டையும் காட்டி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். துப்பாக்கியில் பொறித்த நம்பரும் ரசீதில் எழுதிய நம்பரும் ஒன்றுதானா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அதன்பின் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வாரிசுகளுக்கு இந்த வழியைத் தருகின்றன. ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். பரம்பரையாக வந்ததற்கும் அதே கணக்குதான். ‘ஆன்டிக்’ என்ற பேச்சும் உதவாது. பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் உள்ள பழம்பொருளுக்குத்தான் சட்டம் விலக்கு தருகிறது. சுடக்கூடிய துப்பாக்கிக்கு எத்தனை வயதானாலும் லைசென்ஸ் வேண்டும். பேப்பர் சரியாக இல்லாத துப்பாக்கியை நேர்வழியில் வாங்க ஆள் இல்லை. அதனால் அதற்கு விலையும் இல்லை.

கேள்வி: பழைய போல்ட் ரைஃபிள் இன்னும் குறி தவறாமல் சுடுமா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், வேப்பந்தட்டை

பதில்: மேலே உள்ள பளபளப்பை நம்பாதீர்கள். குறியைத் தீர்மானிப்பது குழலின் உட்புறம். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். வெள்ளைக் காகிதத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பாருங்கள். உள்ளே சுழன்று ஓடும் ரைஃப்ளிங் வரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. விளிம்பு மழுங்கி, அம்மைத் தழும்புபோலக் குழி குழியாக இருந்தால் துரு தின்றுவிட்டது என்று பொருள். பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த ரசாயனம், சுட்ட பின் குழலில் உப்பாகப் படியும். அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் துப்பாக்கிகள் மாதக்கணக்கில் எண்ணெய் இல்லாமல் கிடப்பதும் உண்டு.

அடுத்து குழலின் வாய். கயிறு கட்டி இழுத்துத் துடைக்கும் பழக்கம் அக்காலத்தில் உண்டு. கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்து, வாயின் ஒரு பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தாலும் குறி விலகிப்போகும். பிறகு மரக்கட்டை. உங்கள் ஊர்ப்பக்கம் கிடைக்கும் 315கள் பெரும்பாலும் லீ என்ஃபீல்டு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் முன்கட்டையும் பின்கட்டையும் தனித்தனி. மழைக்காலத்தில் முன்கட்டை உப்பிக் குழலை நெருக்கினால், நேற்று பட்ட இடத்தில் இன்று படாது.

ஆயுதப் பழுது பார்க்கும் லைசென்ஸ் பெற்றவர் போல்ட்டின் பூட்டும் தோட்டா அறையும் சரி என்று சொல்லும் வரை சுட்டுப் பார்க்க வேண்டாம். சுட்ட தோட்டாக் கூட்டின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், பூட்டு தளர்ந்திருக்கக்கூடும். 315க்கு உரியது விளிம்பு வைத்த மான்லிகர் வகைத் தோட்டா, ‘8 எம்.எம்.’ என்றதும் மௌசர் தோட்டாவை வாங்கிவிடாதீர்கள். எல்லாம் சரியென்றால், அனுமதி பெற்ற சுடுதளத்தில் 100 கஜ தூரத்தில், மணல் மூட்டையில் சாய்த்து மூன்று குண்டு. அவை மூன்று, நான்கு அங்குலத்துக்குள் விழுந்தால் இந்த வயதுத் துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: பழைய ஜமீன் வீட்டுத் துப்பாக்கி என்று சொல்லி ஒன்றை என்னிடம் விற்கப் பார்க்கிறார்கள். லைசென்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. விலையை எப்படி மதிப்பது?
– வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: உடையார்பாளையமும் அரியலூரும் பாளையங்களாக இருந்த பூமி என்பதால், இந்தக் கதைக்கு அங்கே மவுசு அதிகம். கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், ஆதாரத்துக்குக் கொடுங்கள். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு ஒரு ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார்கள். அதைச் சொல்லும் வெள்ளித் தகடு அதன் கட்டையிலேயே இருக்கிறது. ரிக்பி நிறுவனமே 2015இல் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அப்படிப் பெயர் பொறித்த தகடு, பழைய ரசீது, லைசென்ஸ் புத்தகத்தில் தொடர்ந்து வரும் பெயர்கள் என ஏதாவது கையில் இருந்தால்தான் ஜமீன் பெயருக்குத் தனி விலை.

குழலிலும் போல்ட்டிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பர்மிங்காமில் சோதித்த பழைய குழலில் கிரீடமும் அதன்கீழ் என்.பி. என்ற எழுத்தும் இருக்கும். புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்கியது என்பதற்கான முத்திரை அது. கட்டையை இழைத்து வார்னிஷ் அடித்து, இரும்புக்குப் புதிதாகக் கறுப்பேற்றியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தேய்த்ததில் முத்திரைகளும் மழுங்கிப் போயிருக்கும். மேற்கு வங்காளத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 315 என்றால் உழைப்புக்கு நல்லது. அரிய பொருளுக்கான விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கியால் சுடலாமா?
– வாசகர், குன்னம்

பதில்: கூடாது. உங்கள் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பதற்குத்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனால் தளர்ந்துவிடாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடத் தமிழக அரசு 2025இல் வழி செய்தபோதும், அந்த வேலையை வனத்துறையிடம்தான் கொடுத்தது. சேதத்தைப் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்து மூலம் மனு கொடுங்கள். இழப்பீடு கேட்கவும் அந்த மனுதான் ஆதாரம்.