ஊழிய நடைமுறைப் பொறுப்புக் காப்புறுதி

(வணிகக் கல்வி - காப்புறுதி அலகுக்கான மேலதிக வாசிப்பு)

தீ, கடல், ஆயுள், மோட்டார் வாகனக் காப்புறுதிகள் பற்றி நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். ஒருவர் பிறருக்கு இழைத்த தவறுக்காகச் சட்டப்படி செலுத்த நேரும் நட்டஈட்டை ஈடுசெய்வது பொறுப்புக் காப்புறுதி ஆகும். அதில் ஒரு வகையை, அது பெரிதும் வளர்ந்த ஐக்கிய அமெரிக்காவை உதாரணமாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

1. பொருள்

பாரபட்சம், பாலியல் தொந்தரவு, நியாயமற்ற வேலைநீக்கம், முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்கல் ஆகியவை தொடர்பாக ஊழியர் ஒருவர் தொழில்தருநருக்கு எதிராக வழக்குத் தொடரலாம். அவ்வழக்கின் சட்டச் செலவையும் நட்டஈட்டையும் ஈடுசெய்வதே ஊழிய நடைமுறைப் பொறுப்புக் காப்புறுதியாகும். கட்டுப்பணம் செலுத்துபவரும் காப்பைப் பெறுபவரும் தொழில்தருநரே, ஊழியர் அல்லர்.

2. வளர்ச்சிக்கான காரணங்கள்

* 1964 - குடியியல் உரிமைகள் சட்டம். இனம், நிறம், மதம், பால், தேசிய மூலம் என்பவற்றின் அடிப்படையில் வேலையிற் பாரபட்சம் காட்டுவது தடைசெய்யப்பட்டது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும்.
* 1967 - 40 வயதும் அதற்கு மேற்பட்டதுமான ஊழியரை வயதுப் பாரபட்சத்திலிருந்து பாதுகாக்கும் சட்டம்.
* 1990 - மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம்.
* 1991 - குடியியல் உரிமைகள் சட்டத் திருத்தம். ஜூரி விசாரணைக்கு வழி பிறந்தது. மன உளைச்சலுக்கான நட்டஈடும் தண்டனை நட்டஈடும் கோரலாம். நிறுவனத்தின் பருமனுக்கேற்ப இவற்றின் உச்ச எல்லை 50,000 முதல் 300,000 டொலர் வரையாகும்.

1991 இன் பின்னர் வழக்கின் நிதி இடர் உயர்ந்ததால் 1990களில் இக்காப்புறுதி வேகமாகப் பரவியது.

3. பொதுவாக உள்ளடங்காதவை

(அ) வேலைத்தலத்தில் ஏற்படும் உடற்காயம் (இதற்குத் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி தனியாக உண்டு)
(ஆ) செலுத்தத் தவறிய சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும்
(இ) விண்ணப்பிக்கும்போது அறிந்திருந்தும் மறைக்கப்பட்ட முறைப்பாடுகள்

மூன்றாவது விடயம் நீங்கள் கற்ற அதியுயர் நம்பிக்கைக் கோட்பாட்டுடன் தொடர்புடையது.

4. செயற்படும் முறை

தீக் காப்புறுதியில் தீ ஏற்பட்ட திகதியில் நடைமுறையிலிருந்த பத்திரமே பொறுப்பேற்கும். இங்கோ பெரும்பாலும் கோரிக்கை முன்வைக்கப்பட்ட திகதியே முக்கியமாகும். 2022 இல் நடந்த வேலைநீக்கத்துக்கு 2024 இல் வழக்கு வந்தால் 2024 ஆம் ஆண்டுப் பத்திரமே பொறுப்பேற்கும். 2023 இல் பத்திரத்தைக் கைவிட்ட நிறுவனம் பொதுவாகக் காப்பின்றி நிற்கும்.

கற்பனை உதாரணம்: காப்பு எல்லை 250,000 டொலர். நிறுவனம் முதலில் தானே ஏற்கவேண்டிய தொகை 25,000 டொலர். சட்டச் செலவு 120,000. ஊழியருடன் இணக்கத்துக்கு வந்த தொகை 180,000. சட்டச் செலவும் காப்பு எல்லைக்குள் அடங்கும் எனக் கொள்க.

மொத்தச் செலவு: 300,000
நிறுவனம் முதலில் ஏற்பது: 25,000
மீதி: 275,000
காப்புறுதிக் கம்பனி செலுத்துவது: 250,000
நிறுவனம் மேலும் ஏற்பது: 25,000
நிறுவனத்தின் மொத்தச் சுமை: 50,000 டொலர்

சட்டத்தரணிக்குச் செலவாகும் ஒவ்வொரு டொலரும் நட்டஈட்டுக்கு எஞ்சும் காப்பைக் குறைக்கின்றது என்பதைக் கவனிக்குக.

5. அண்மைக்காலப் போக்குகள்

* பாரபட்ச வழக்குகளுக்கு முன்னதாகப் பொதுவாக சம வேலைவாய்ப்பு ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யவேண்டும். 2021 நிதியாண்டில் 61,331 ஆக இருந்த முறைப்பாடுகள் 2024 இல் 88,531 ஆக உயர்ந்தன.
* 2020 இல் முறைப்பாடுகளில் 55.8 வீதமானவற்றில் பழிவாங்கல் குற்றச்சாட்டும் இருந்தது. முதற் தவறை விட, முறையிட்டவரைத் தண்டிப்பதே பல நிறுவனங்களை வழக்கில் மாட்டுகின்றது.
* 2017 இல் "நானும்" இயக்கம் பரவியது. அடுத்த நிதியாண்டில் ஆணைக்குழுவுக்குக் கிடைத்த பாலியல் தொந்தரவு முறைப்பாடுகள் 13 வீதத்துக்கும் மேல் அதிகரித்தன.
* கணினியே விண்ணப்பங்களை வடிகட்டும் முறை புதிய இடராகும். 55 வயதும் அதற்கு மேற்பட்டதுமான பெண்களையும் 60 வயதும் அதற்கு மேற்பட்டதுமான ஆண்களையும் மென்பொருள் தானாகவே நிராகரித்ததாக ஒரு நிறுவனத்தின் மீது ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 2023 இல் அந்நிறுவனம் 365,000 டொலர் செலுத்த இணங்கியது.

6. காப்புறுதி மட்டும் போதுமா?

போதாது. காப்புறுதி பணச் சுமையைப் பகிருமேயன்றி, வேலையிழந்தவரின் மாதக்கணக்கான வருமானமின்மையையோ அவமானத்தையோ நீக்காது. "கம்பனி செலுத்தும்தானே" என முகாமையாளர் அலட்சியமாக இருக்கவும் இடமுண்டு. ஆகவேதான் காப்புறுதிக் கம்பனிகள் எழுத்துமூலக் கொள்கை, முறைப்பாட்டு வழி, மேற்பார்வையாளர் பயிற்சி என்பன உண்டா என விசாரித்தே கட்டுப்பணத்தைத் தீர்மானிக்கின்றன. 1998 இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றமும், மேற்பார்வையாளரின் தொந்தரவு வேலைநீக்கம் போன்ற நடவடிக்கையில் முடியாதவிடத்து, அதைத் தடுக்க நிறுவனம் நியாயமான முயற்சி எடுத்திருந்ததும் ஊழியர் காரணமின்றி அவ்வழியைப் பயன்படுத்தாததும் நிறுவனத்துக்குரிய எதிர்வாதமாகும் எனத் தீர்த்தது.

7. இலங்கையுடன் ஒப்பீடு

ஐக்கிய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் காரணம் கூறாமலே ஊழியரை நீக்கலாம். ஆனால் சட்டம் தடைசெய்த காரணத்துக்காக நீக்கமுடியாது. இலங்கையில் வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 1950 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபையை நாடலாம். அச்சபை மீள வேலையில் அமர்த்துமாறோ நட்டஈடு வழங்குமாறோ கட்டளையிடலாம்.

நினைவிற் கொள்க: காப்புறுதி இழப்பை ஈடுசெய்யும், நல்ல முகாமைத்துவம் இழப்பைத் தவிர்க்கும்.

பயிற்சி

1. இக்காப்புறுதிக்கும் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதிக்கும் இடையிலான இரு வேறுபாடுகளைத் தருக.
2. மேலுள்ள உதாரணத்தில் சட்டச் செலவு 60,000 டொலராயின் நிறுவனத்தின் மொத்தச் சுமை யாது? (விடை: 25,000 டொலர்)
3. "காப்புறுதி தொழில்தருநரை அலட்சியமாக்கும்." இக்கூற்றை ஏற்கிறீரா? இரு காரணங்களுடன் விளக்குக.