இல்லப் பட்டறைக்கு ஏற்ற மேசை ரம்பம்

ஓய்வு நேரத்தில் தச்சுவேலை செய்து, வீட்டிற்கு வேண்டிய நாற்காலி, அலமாரி முதலியவற்றைத் தாமே செய்துகொள்ளும் அன்பர்கள் நம் தோட்டங்களில் உள்ளனர். முன்பு பெரும்பாலும் விறகாக எரிக்கப்பட்ட ரப்பர் மரம், 1980ஆம் ஆண்டுகள் தொட்டு நாற்காலி, மேசை செய்ய உகந்த மரமாகப் பெயர் பெற்றுள்ளது. அதன் பலகைகளை நேராகவும் விரைவாகவும் அறுக்க மேசை ரம்பம் பெரிதும் உதவும். ஆயினும் அதனை வாங்கும்பொழுது விசையின் வலிமையை மட்டும் கருதுதல் போதாது. பால்மரம் சீவும் கையே தொழிலாளியின் மூலதனம். அக்கையைக் காக்கும் ரம்பமே நல்ல ரம்பம்.

விபத்து எவ்வாறு நேருகிறது என்பதை முதலில் அறிவோம். சுழலும் வட்ட வாளின் முன்பக்கப் பற்கள் பலகையைக் கீழே அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. அறுபட்ட பிளவு சுருங்கி வாளைக் கவ்வினால், பின்பக்கப் பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவர் மீதே வீசும். பலகையைத் தள்ளிய கை வாளின்மேல் இழுபடவும் கூடும். ரப்பர் மரம் காயும்பொழுது வளைந்து முறுக்கிக்கொள்ளும் இயல்புடையதாகையால், நாம் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

ஆகவே, கடையில் பின்வருவனவற்றைப் பார்த்து வாங்குவோமாக.

1. பிளவுத் தகடு: வாளுக்குப் பின்னால் நின்று, அறுபட்ட பிளவு மூடாமல் காப்பது இது. வாளை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் அதனுடன் சேர்ந்து நகர வேண்டும். வாளின்மேல் மூடியும் இருத்தல் அவசியம். இவை இல்லாத ரம்பம், விலை மலிவாயினும் வேண்டா.

2. வழிகாட்டிச் சட்டம்: பலகையை அணைத்துச் செலுத்தும் இச்சட்டம் வாளுக்கு இணையாக நிற்க வேண்டும். சட்டத்தை இறுக்கியபின், வாளின் முன்முனையிலும் பின்முனையிலும் இடைவெளியை அளந்து பார்க்கலாம். பின்புறம் குறுகியிருப்பின் பலகை சிக்கிக்கொள்ளும்.

3. வாள்: 10 அங்குல வாள் ஏறத்தாழ 3 அங்குலக் கனம் வரை அறுக்கும். நெடுக்காக அறுக்க 24 பற்களும், குறுக்காக அறுக்க 60 பற்களும், இரண்டிற்கும் பொதுவாக 40 பற்களும் கொண்ட வாள் ஏற்றது. ரப்பர் மரத்தின் பால் பற்களில் ஒட்டுமாகையால், அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

4. மின்விசை: 13 ஆம்பியர் செருகி சுமார் 3,000 வாட் வரை தாங்கும். 1,500 முதல் 2,000 வாட் வரையிலான ரம்பம் இல்லப் பட்டறைக்குப் போதும். மெல்லிய நீட்டிப்புக் கம்பி சூடேறித் தீப்பற்றலாம், அதனைத் தவிர்க்கவும்.

ரம்பத்துடன் ஒரு தள்ளுகோலும் வேண்டும். அகலம் குறைந்த பலகையை அதனால்தான் தள்ள வேண்டும். வாள் பற்றி இழுக்குமாதலால் கையுறை அணிதல் ஆகாது. வாளை மாற்றுமுன் செருகியைக் கழற்றிவிட வேண்டும். மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியுள்ளதால், முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வோம்.

பாதுகாப்புச் சாதனங்களுக்காகச் சிறிது கூடுதலாகச் செலவிடுதல் வீண் செலவாகாது. இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். இழந்த விரலை ஈட்ட இயலாது.