மனதின் வியாதிக்கு மருத்துவரிடம் போகலாமா?

வேதபகுதி: 1 இராஜாக்கள் 19:1-8



நாம் குடியிருக்கிற ரமணாசிரமம் பகுதிக்கு மனசமாதானம் தேடி எத்தனையோ தேசத்து ஜனங்கள் வருகிறதை செங்கம் ரோட்டில் தினமும் பார்க்கிறோம். ஆனால் சமாதானக் குறைவு வேறு, மனவியாதி வேறு. இந்த வித்தியாசம் தெரியாததினாலே சில வீடுகளில் உயிரே போய்விடுகிறது. "பாஸ்டர், பொண்ணுக்கு ஏதோ பிடிச்சிருக்கு, வந்து ஜெபம் பண்ணுங்க" என்று கூப்பிடுகிறார்கள். போய் ஜெபிக்கிறேன். கூடவே, "எத்தனை நாளா தூங்கல? சாப்பிடுதா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றும் கேட்கிறேன்.

1. எலியாவைப் பாருங்கள்

கர்மேலிலே ஜெபித்து வானத்து அக்கினியைக் கண்ட தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறான். விசுவாசம் இல்லாதவனா? இல்லை. தேவன் அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். பேச்சு அதற்குப் பிறகுதான். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவரை நாம் அவிசுவாசி என்று சொல்லுகிறதில்லையே. மனசுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

2. ஏர்வாடியை மறக்கவேண்டாம்

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் கொண்டுபோய் விடுகிறவர்கள் சத்துருக்கள் அல்ல, சொந்த வீட்டார்தான். குணமாகும் என்று நம்பித்தான் விடுகிறார்கள். இது வேறு மார்க்கத்தாரின் காரியம் என்று தள்ளிவிடாதிருங்கள். ஜெபவீடு என்ற பேரில் கட்டிவைத்தாலும், அடித்தாலும், பட்டினி போட்டாலும் அதுவும் அதே கொடுமைதான். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

3. எப்போது போகவேண்டும்?

துக்கம் எல்லாருக்கும் வரும், போகும். ஆனால்:

அ) இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு, தூக்கமின்மை, சாப்பாட்டிலும் வேலையிலும் வெறுப்பு தொடர்ந்தால்;

ஆ) மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்டால், வீட்டாரே விஷம் வைக்கிறார்கள் என்று பயந்தால்;

இ) பிள்ளை பெற்ற தாய் ஓயாமல் அழுதால், குழந்தையிடம் ஒட்டாமலிருந்தால்;

ஈ) குடியை விட நினைத்தும் விட முடியாமல் கை நடுங்கினால்;

தாமதியாமல் மருத்துவரிடம் போங்கள். "செத்துடலாம்னு இருக்கு" என்று ஒருவர் சொன்னாலோ, அன்றைக்கே போகவேண்டும். அவரைத் தனியே விடாதிருங்கள். பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அகற்றுங்கள். "இது பாவம்" என்று பிரசங்கிக்கிற நேரம் அதுவல்ல. பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

4. எங்கே போவது?

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரைக் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி., பாகாயத்தில் 1957-லிருந்து மனநல மருத்துவமனை நடத்துகிறது. அங்கே வீட்டார் நோயாளியோடு கூடத் தங்கிப் பராமரிக்கும் முறை உண்டு. மிஷனெரிகள் ஆரம்பித்த ஸ்தாபனமே இதைச் செய்யும்போது நமக்கு என்ன வெட்கம்? வெளியே போக கூச்சமா? 14416 என்ற அரசாங்க டெலிமானஸ் எண்ணுக்கு இரவானாலும் போன் பண்ணலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

5. மாத்திரையும் உபவாசமும்

மனச்சோர்வுக்கான மாத்திரை வேலைசெய்ய சில வாரங்கள் பிடிக்கும். நாலு நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடாதிருங்கள். நன்றாயிருக்கிறது என்றும் நீங்களாக நிறுத்தாதிருங்கள். உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் மாத்திரை போடுகிறவர்களானால் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபித்தாலும் கர்த்தர் கேட்பார். மாத்திரையை நிறுத்து என்று எந்த ஊழியக்காரர் சொன்னாலும், அது நானானாலும், கேளாதிருங்கள்.

நாங்கள் ஜெபிப்பதை நிறுத்தமாட்டோம். ஆஸ்பத்திரி வரிசையில் உங்களோடு நிற்கவும் வருவோம். யாரிடமும் சொல்லமாட்டோம். கர்த்தர் தாமே சோர்ந்துபோன ஒவ்வொருவரையும் தாங்குவாராக. ஆமென்.